ஜரிகையில் ஓடிய கரண்ட்

போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். செல்வி அக்கா வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர்களுடைய இரண்டு வாண்டுகளும் வந்து, பந்தி ஆரம்பிக்கும் முன்பே அப்பளத்தை ஒரு கை பார்த்திருந்தன. அம்மா நகை பார்க்கப் பெண் வீட்டார் பக்கம் போய்விட்டாள். நைனா வழக்கம்போல மேளக்காரருக்கு அடுத்த நாற்காலி. என் சிநேகிதன் யுவராஜ் மட்டும் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். முகூர்த்த நாளில்தான் ஜனங்கள் போனைப் பாயச வாளியில் போடுவார்கள் என்பது அவனுடைய அனுபவ அறிவு.

தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மணப்பெண் அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. முடியை நேராக்கும் மெஷினை யாரோ ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். முடி கருகும் வாடை. நான் செல்வி அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். பட்டு கருகினாலும் இதே வாடைதான் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே நல்லது. எங்கள் வீட்டில் அது தெரியவந்தது ஒரு போனால்.

அந்த போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு சிம் கார்டு கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே குடியிருந்தது. அவசரத்துக்கு சிம்மைக் கழற்றி அடுத்தவர் போனில் போடும் வேலையெல்லாம் அதில் நடக்காது. அந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டால், அந்தப் பெட்டி உயிரோடு இருந்தாக வேண்டும். வீட்டுக்கே அது ஒன்றுதான். நைனா அதை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருப்பார். மணி அடித்தால் பையோடு எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

சார்ஜர் எப்போதோ செத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு கிளிப் சார்ஜர் வைத்திருந்தோம். பேட்டரியைக் கழற்றி அதன் வாயில் கொடுத்தால் இரண்டு கொடுக்கால் கவ்விப் பிடித்துக்கொண்டு சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும். நாங்கள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தோம். நண்டில் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரியைக் கழற்றினால் போன் அணைந்துவிடும். கழற்றாவிட்டால் சார்ஜ் ஏறாது. போதாக்குறைக்கு பேட்டரி ஊதிப்போயிருந்தது. தரையில் வைத்துச் சுண்டினால் பம்பரம் மாதிரி சுற்றும். பேட்டரி ஊதியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் அதுதான் பரிசோதனை. எங்களுடையது நைனா ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும்வரை சுற்றும். போனில் போட்டால் சும்மா இருக்கும்வரை இருக்கும். பேச ஆரம்பித்தால் ஒரு நிமிஷத்தில் மூச்சை விட்டுவிடும்.

இந்த நிலைமையில்தான் நான் பாலிடெக்னிக் முடித்தேன். எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்பதால் தெருவில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கோயில் மைக் கீச்சிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவேன். பாதி நேரம் ஓடிவிடும். மீதி நேரம், "இது கம்பெனி ஃபால்ட்" என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இண்டர்வியூவுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த மேடம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் செய்வோம், எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம் என்று சொல்லி அனுப்பினார். என்னுடன் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பெயர் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். அவன் வீட்டில் லேண்ட்லைன் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நெய்து முடித்த புடவையைக் கொடுக்க நைனா நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நான், செல்வி அக்கா, காலையிலேயே வந்து பழைய சோற்றில் பங்கு கேட்ட யுவராஜ். பேட்டரி நண்டின் வாயில் கால்வாசி ஏறியிருந்தபோது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை; எப்போது வரும் என்றுதான் கேட்போம்.

நான் ஒரு திட்டம் சொன்னேன். டார்ச்சில் போடும் சின்ன பேட்டரிக் கட்டை மூன்று சேர்த்தால் நான்கரை வோல்ட். போனுக்கு வேண்டியது நாலுக்கும் கொஞ்சம் கீழே. நடுவில் ஒரு டயோடு போட்டால் மிச்சத்தை அது விழுங்கிவிடும். பேட்டரி இருக்கும் இடத்தில் இதைக் கொடுத்துவிட்டால் போன் நாள் முழுக்கப் பேசும். உடைந்த ரேடியோவில் டயோடு கிடைத்தது. யுவராஜ் ஓடிப்போய்க் கட்டை வாங்கி வந்தான். மூன்றையும் வரிசையாகப் படுக்க வைக்க எதுவும் அகப்படாமல், தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் படகு வடிவ மரத் துண்டான நாடா, பழையது ஒன்று ஓரத்தில் கிடந்தது; அதில் வைத்துப் பார்த்தோம். ஊடை நூல் சுற்றிய குச்சி படுக்கும் குழியில் மூன்றும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. உலகத்தில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் தறி நாடாவில் பேட்டரி பேக் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். செய்திருந்தால் அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைக்க சால்டரிங் அயர்னை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பிளக் எங்கே என்று தேடினேன். யுவராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரண்ட் இல்லன்னுதானடா இதெல்லாம் செஞ்சிக்கினு இருக்கோம்" என்றான்.

ஒயரும் இல்லை. கடைக்குப் போகலாம் என்றால் மணி பத்தை நெருங்கிவிட்டது. அப்போதுதான் யுவராஜ் ஜரிகைக் கண்டைப் பார்த்தான். வெள்ளியைப் போலக் கரண்ட்டைக் கடத்துவது வேறொன்றும் இல்லை என்று நான்தான் பரீட்சைக்கு முந்திய நாள் அவனுக்கு விளக்கியிருந்தேன். படித்த படிப்பு என்றைக்காவது உதவும் என்று நைனா சொல்லிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு உதவியது.

சொசைட்டியில் ஜரிகையை எடை போட்டுக் கொடுத்து, புடவையாக எடை போட்டு வாங்குவார்கள். அதனால் செல்வி அக்கா கண்டைக் கொடுக்கவே மறுத்தாள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஆளுக்கு ஒரு முழம் என்று இரண்டு முழம் அளந்து வெட்டினாள். ஒற்றை இழை தாங்காது என்று நான் அதை மடித்து முறுக்கியதில், முழம் இரண்டும் சாண் இரண்டாயின.

முடிச்சுப் போடுகிற பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். அவள் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழையதோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு திருகு திருகும், இழை ஒட்டிவிடும். எங்கள் ஜரிகை ஒயரையும் அப்படியே டயோடோடும் கட்டையோடும் போனின் பித்தளைப் பல்லோடும் அழகாகத் திருகிவிட்டாள். போன் எழுந்திருக்கவில்லை. கட்டையைத் திருப்பிப் போட்டேன். டயோடைத் திருப்பிப் போட்டேன். போனை லேசாகத் தட்டினேன், பிறகு பலமாகத் தட்டினேன். பிறகுதான் அக்காவின் விரல்களைப் பார்த்தேன்.

"சாம்பலத் தொட்டியாக்கா?"

"தொடாம எப்படிடா பிணைக்கிறது? வழுக்கிக்கினு போயிடுமே."

ஒவ்வொரு முடிச்சிலும் சாம்பல் பூசியிருந்தது. கரண்ட் உள்ளே போக வழியில்லை. ஈரத்துணியால் துடைத்தோம். துடைத்ததும், அக்கா சொன்னபடியே எல்லா முடிச்சும் வழுக்கிக்கொண்டு போனது. வேறு வழியில்லை. நாடாவின் இரு முனையையும் யுவராஜ் இரண்டு கையால் அழுத்திப் பிடித்தான். போன் பக்கத்து முடிச்சு இரண்டையும் அக்கா விரலால் கவ்விப் பிடித்தாள். நண்டுக்கு அன்றைக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் பிறந்தார்கள். போன் கண்ணைத் திறந்து வணக்கம் சொல்லி ஒரு பாட்டுப் பாடியது. அந்த இசையில் இருந்த இனிமையை நான் பிறகு எந்த போனிலும் கேட்டதில்லை.

இனி யாரும் அசையக் கூடாது. யுவராஜுக்கு மூக்கு அரித்தது. நான் சொறிந்துவிட்டேன்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. போன் அக்காவின் விரல்களுக்கு நடுவில் இருந்ததால் நான்தான் அதனிடம் போக வேண்டியிருந்தது. சலூனில் பிடரி மழிக்கக் குனிவது போலக் குனிந்து காதை வைத்தேன். மேடம் கேட்டது மிகச் சின்ன கேள்வி. திங்கட்கிழமை வேலைக்குச் சேர முடியுமா? ஆனால் நான் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தது வேறு. தமிழில் கேட்ட மேடத்துக்கு ஆங்கிலத்தில், மைசெல்ஃப் என்று தொடங்கிவிட்டேன். மை ஃபாதர் இஸ் எ வீவர் என்றேன். அக்கா பெருமையாகத் தலையாட்டினாள். மை ஹாபீஸ் ஆர் கேரம் அண்ட் ஹெல்ப்பிங் அதர்ஸ் என்றேன்.

அங்கேதான் யுவராஜுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தான். ஆனால் தோள் குலுங்கியது, நாடா குலுங்கியது, இரண்டு ஜரிகையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. ஒயர் என்றால் உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக். ஜரிகை என்றால் உள்ளே பட்டு, வெளியே வெள்ளி. சட்டையை உட்புறம் வெளியே வரும்படி போட்டுக்கொண்ட ஒயர்தான் ஜரிகை. இந்தச் சின்ன விஷயம் மூன்று வருஷப் படிப்பில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மினுக்கல், ஒரு புகை, அந்த வாடை. அக்கா கையை உதறினாள். யுவராஜ் நாடாவை விட்டெறிந்தான். அது தறிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

போன் அணைந்திருந்தது.

லேண்ட்லைன் வீட்டில் மணி அடிப்பது எனக்குக் காதில் கேட்டது. அவன் வீடு மைல் கணக்கில் தள்ளி, ஓரிக்கையில் இருந்தது. பிறகு யுவராஜ் நண்டிலிருந்து ஊதிப்போன பேட்டரியைப் பிடுங்கி போனில் திணித்தான். மூடி மூடவில்லை. அக்கா தலையில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டு இறுக்கினோம். போன் எழுந்தது. ஒரு நிமிஷப் பேச்சு மட்டும் அதில் பாக்கி. மூன்று பேரும் சாமி முன்னால் நிற்பது போல நின்றோம்.

மணி அடித்தது.

"ஏம்பா, ஏன் லைன் கட்டாச்சு?"

பொய் சொல்லலாம் என்று தோன்ற நேரம் இல்லை.

"ஜரிகை ஷார்ட் ஆயிடுச்சு மேடம். திங்கக்கெழம வந்துடறேன்."

"ஜரிகையா?" என்றார் மேடம், நான் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கும் முன்பே. அத்தோடு பேட்டரி போய்விட்டது.

திங்கட்கிழமை என்ற வார்த்தை அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. சேரும் முன்பே அணைந்தது என்றான் யுவராஜ். சேர்ந்த பிறகு என்றாள் அக்கா. நைனா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கருகிய ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கரண்ட்டே தாங்கிச்சுன்னா நல்ல வெள்ளிதான்பா" என்று சொல்லித் தெருவுக்குக் காட்டப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். மேடம் பெயர்ப் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "ஜரிகைப் பையன் நீதானா?" என்றார். அங்கே இருந்த வரைக்கும் அதுதான் என் பெயர்.

எனக்குக் கொடுத்த வேலை, போனிலிருந்து கழற்றி மாட்டும் பேட்டரிகளைச் சோதித்துப் பார்ப்பது. சில வருஷங்களில் அந்த லைனையே எடுத்துவிட்டார்கள். இப்போது பேட்டரியை யாரும் கழற்றுவதில்லை. போன் முதுகைத் திறக்கவே யுவராஜ் அதை அடுப்பில் அப்பம் போலச் சூடு காட்ட வேண்டியிருக்கிறது. நண்டு போயிற்று. நம்பரைத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்த போன்களும் போயின. அரை நாள் கரண்ட் இல்லை என்றால் இன்றைக்கு ஊரே ஏதோ துக்கம் போலப் பேசுகிறது.

முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று, செல்வி அக்கா என் முன்னால் கையை நீட்டினாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த இரண்டு விரலும் இல்லாமல் பாவு பிணைக்க முடியாது. விரல் ஆறும்வரை தெருவில் இரண்டு பாவு வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"ரெண்டு பாவுக் கூலி, மூணு கட்ட, ஒரு ரப்பர் பேண்டு. எல்லாஞ் சேத்து எண்ணூத்தி முப்பத்தி ஒரு ரூபா. ரப்பர் பேண்டுக்குத்தான் அந்த ஒரு ரூபா. வெய்யி."