கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு திரும்பிய மெயில்கள்

கடத்தூருக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் வேலைகள் எல்லாம் என் பொறுப்பு. அந்த வாரம் சென்னையில் உள்ள ஏற்றுமதி நிறுவனத்துக்கு லேப் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்ப வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேராவிட்டால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும். டிரம்களில் அடைத்த கூழ் எங்களிடமே நிற்கும். அனுப்பியதும் திரும்பி வந்தது. எங்கள் முகவரியிலிருந்து வருவதெல்லாம் குப்பை மெயிலாம். அவர்கள் சர்வர் வாங்காதாம்.

காரணம் தேடினேன். ஆலை தொடங்கியதிலிருந்து சேர்ந்த முகவரிகள் அத்தனைக்கும், செத்துப்போன முகவரிகள் உட்பட, முதலாளி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை ஒரே மூச்சில் அனுப்பியிருந்தார். அதனால் எங்கள் முகவரி குப்பை மெயில் அனுப்புவோரின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது.

“சார், எல்லாருக்குமா அனுப்புனீங்க?”

“பின்ன? ஒருத்தர விட்டுட்டா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா?”

“அதுல பாதிப் பேரு யாருன்னே நமக்குத் தெரியாதுங்க சார்.”

“வந்தா சோறு போடறோம். அதுக்கா கோச்சுக்கிட்டாங்க?”

யாருக்கும் கோபமில்லை, சர்வர் தானாக எடுத்த முடிவு என்று விளக்கினேன். தலையாட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை.

வரிசையாக முயன்றேன். தடைப்பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். பரிசீலிக்க நாளாகும் என்று பதில் வந்தது. என் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினேன். பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்பார்களாம். திரும்பிய மெயிலின் கடைசியில், தவறென்று நினைத்தால் எழுதும்படி ஒரு முகவரி இருந்தது. எழுதினேன். அதையும் அதே சர்வர் திருப்பி அனுப்பியது. அந்த நிறுவனத்துக்கே போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், இதை அப்படியே ஒரு மெயிலா போட்டுடுங்களேன்” என்றாள்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “மனுசன் நேர்ல போயி நின்னா வாங்காமயா இருப்பாங்க?” ரிப்போர்ட்டை அச்செடுத்து உறையில் போட்டுக்கொண்டு, வெள்ளி காலை மொரப்பூரில் ரயில் ஏறினார்.

பிற்பகலில் போன் வந்தது.

“ரிசப்சன்ல உக்காந்திருக்கேன்ம்மா. ஜூஸெல்லாம் குடுத்தாங்க. நல்ல மனுசங்க.”

“ரிப்போர்ட்ட வாங்கிட்டாங்களா சார்?”

“அதான் இல்ல. பேப்பர் வேண்டாமாம், மெயில்ல வந்தாத்தான் சிஸ்டத்துல ஏறுமாம். அவுங்க கம்ப்யூட்டர் ஆளு லீவாம். நீ ஒருக்கா அனுப்பு, நான் இங்கயே நிக்கறேன்.”

அவர் அங்கே நிற்பது சர்வருக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அனுப்பினேன். அவர் போனை வைக்காமல், யாரிடமோ “இப்ப வந்துருமுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அது திரும்பி வந்திருந்தது.

“போயிருச்சாம்மா?”

“இல்லீங்க சார்.”

“செரி, இன்னொருக்கா அனுப்பு.”