தும்பிக்கை இல்லாத லை

டீத்தூள் பையோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், நம்மிடம் யாரும் டீத்தூளைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனி பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு போட்டது. சீட்டுக்கு ஓர் எழுத்து. தே, யி, லை மூன்றும் சேர்ந்தால் எவர்சில்வர் குடம். இதில் 'லை' லேசில் வராது.

குடிப்பது யார்?

காளவாசல் கடையில் ஓர் ஆபீஸ்காரர் வாரம் நாலு பாக்கெட் வாங்கினார். வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள ஆசை. "இம்புட்டு டீயா சார் குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நாங்க காப்பிதான். தூளை மச்சினன் வீட்டுக்குக் குடுத்துருவோம், சீட்டு மட்டும் எங்களுக்கு."

கைக்கணக்கு

அதே கடைக்காரர் ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, சிலதைத் தனியே ஒதுக்குவார். இது என்ன ஜோசியம் என்று நின்று கவனித்தேன். பிறகு கேட்டேன்.

"லை இருந்தா கனமா இருக்கும்ணே. யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட எழுத்துல்ல, மை சாஸ்தி பிடிக்கும்."

தப்பான சீட்டு

பேரையூர் கடையில் ராக்கம்மாள் என்ற வாடிக்கைக்காரர் எனக்காகக் காத்திருந்தார். ஆவணியில் மகள் மீனாவுக்குக் கல்யாணம். சீர்வரிசையில் குடம்தான் பாக்கி. அதை நம்பி ஆறு மாதமாக எங்கள் தூளையே வாங்குகிறார். மடியில் தே-யும் யி-யுமாகக் குவிந்து கிடந்தன. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "லை வரவே இல்லையா அக்கா?" என்றேன். கோபமாக ஒரு சீட்டை நீட்டினார்.

"தப்பா அச்சடிச்சது மூணு வந்துச்சு. ரெண்டை அடுப்புல போட்டேன். உங்க கம்பெனி லட்சணத்தைக் காட்டத்தான் தம்பி இதை வச்சிருக்கேன்."

மூன்றாவது சீட்டு

வாங்கிப் பார்த்தேன். சாட்சாத் லை. லை, னா போன்ற எழுத்துகளை மாற்றிய எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த புது லை. எழுத்தோடு ஒட்டி வளையும் தும்பிக்கைக்குப் பதில் முன்னால் தனியாக இரட்டைச் சுழி. கடைச் சுவரில் நாங்கள் ஒட்டிய விளம்பரத்திலோ பழைய தும்பிக்கைதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் மடியிலிருந்து ஒரு தே-யையும் ஒரு யி-யையும் எடுத்து என்னிடம் நீட்டினார். அடுப்பில் போன இரண்டையும் நினைத்திருப்பார்.

ஆடி முடிவதற்குள் குடத்தை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் என்னையும் கூட்டிப்போனார். அவர் உளியை எடுத்ததும் ராக்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீனாவுக்குப் பழைய னா-வே போடுங்கண்ணே. புதுசுல வெட்டுனா, இது தப்பான குடம்னு சம்பந்தியம்மா அடுப்புல ஏத்திருவாக."

எழுத்தை வைத்து ஊரையே விளையாட விட்ட எங்கள் கம்பெனி, ஊருக்குத் தெரிந்த எழுத்து எது என்று மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.