நான் சேர்த்துச் சொன்ன ஒரு வசனம்

"கச்சான்" எனும் நிலக்கடலையின் கோதுகள் காலடியில் நொறுங்கும் சத்தத்தோடுதான் மட்டக்களப்பு நகரின் அந்தப் பழைய தியேட்டர் என் நினைவுக்கு வரும். எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறைக்கு வவுணதீவில் அம்மாவின் தங்கை றீற்றா சின்னம்மா வீட்டில் நின்றேன். அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த ஒரு பேசும்படத்தை அந்தக் கிழமை மீண்டும் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சின்னம்மா என்னையும் பகல் காட்சிக்குக் கூட்டிப் போனார்.

சந்தேகம் பிடித்த ஒரு வக்கீலின் கதை அது. மனைவியின் தமையன், சிறுவயதில் ஓடிப்போனவன், திரும்பி வந்து தோட்டத்தில் மறைவாக நின்று அவளோடு பேசுவதைக் கண்டவன், யார் என்று கேட்காமலே அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். உண்மை தெரியவரும்போது அவள் உயிரோடு இல்லை. பேச்சைவிட இரைச்சல்தான் கூடுதலாகக் கேட்டது என்றாலும் பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. சின்னம்மாவின் முந்தானை நனைந்துபோயிற்று.

நடுவில் படம் அறுந்து விளக்குகள் எரிந்தபோது, முன்பு மாதா கோயிலில் சின்னம்மாவோடு சேர்ந்து பாடிய வாத்தியார் ஒருவர் ஆண்கள் பக்கத்துப் பின்வரிசையிலிருந்து, "என்ன றீற்றா, இப்பவும் பாடுறீங்களா?" என்று கேட்டார். "பாடாம? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கேளுங்க" என்று சின்னம்மா சிரித்தார். அவ்வளவுதான்.

சித்தப்பா "வட்டை"யில், அதாவது வயல்வெளியில், உழவு இயந்திரம் ஓட்டுபவர். சினிமாவுக்குப் போகாதவர். மறுநாள் பின்னேரம் வேலையால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, "படம் எப்படிப் புள்ள?" என்றார். கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதிக் காதோடுதான் கேட்டார். அவரை முழுதாகக் கேட்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"சின்னம்மா ஒராளோட கதைச்சுச் சிரிச்சா."

வாளி நின்றது. "ஆரு?"

"தெரியா. பேர் சொல்லிக் கூப்பிட்டார்."

"என்ன சொன்னவர்?"

வாத்தியார் கேட்டது எனக்கு மறந்துபோயிருந்தது. படத்தில் தமையன் தங்கையைப் பார்த்துச் சொன்ன வசனம்தான் நாக்கில் நின்றது. அதை எங்கள் பேச்சுக்கு மாற்றிச் சொன்னேன். "உன்ட குரலக் கேக்காம இத்தனை வருசம் எப்படி இருந்தனோ எண்டார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் ஒருவர் என் பேச்சை அப்படிக் கவனித்தது அதுதான் முதல் தடவை; எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சில நாளில் விடுமுறை முடிந்து ஊருக்குப் போய்விட்டேன். சின்னம்மா கோயிலில் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று பிறகு அம்மா சொன்னார். அதற்கான காரணம் விளங்கும் வயது வந்தபோது எனக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது.

சித்தப்பா இறந்து ஒரு வருடத்தின் பின்தான், மீன் வெட்டிக்கொண்டிருந்த சின்னம்மாவின் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை வைக்கவில்லை.

"தெரியும் மகள். அண்டைக்கே அவர் என்னட்டக் கேட்டவர். அது படத்தில தமையன் சொல்ற பேச்சு, நம்பாட்டி நீங்களே போய்ப் பாருங்க எண்டு சொன்னன். சனிக்கிழமை வேலைய விட்டுட்டுப் போனவர்."

"போய்?"

"படத்த மாத்திட்டாங்க."

"என்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே."

"எட்டு வயசுப் புள்ளையச் சாட்சிக்குக் கூப்பிடுறதா?" என்றவர், அடுத்த மீனை எடுத்துக்கொண்டு, "அவர் அடிக்கல்ல, ஏசல்ல. ஒரு நாளும் பட்டினி போடல்ல. கோயில்ல பாடப் போகட்டா எண்டு கேட்டா மட்டும் பேசாம இருப்பார். பிறகு நான் கேக்கிறத விட்டுட்டன்" என்றார்.

இன்று சின்னம்மாவும் இல்லை. தியேட்டர் நின்ற இடத்தில் துணிக்கடை இருக்கிறது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். சித்தப்பா இருந்த காலத்தில் எத்தனையோ தடவை வவுணதீவுக்குப் போனேன். அவருக்கு எதிரே இருந்து சோறு தின்றேன், மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் கதைத்தேன். "அது நான் சேர்த்துச் சொன்னது சித்தப்பா" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமலே ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினேன்.