ஆற்று மணலாகிப் போன கருங்கல்

நான் விழுப்புரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவள். ஒரு சொட்டுத் தண்ணீரையும் நேரில் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்பது இந்த வேலையில் பெரிய சுகம்.

வேலை இதுதான். பாறை, மண், மழை, பம்புசெட் எல்லாவற்றையும் சேர்த்துக் கணினிக்குள் ஒரு மாடல் செய்வோம். பிறகு ஊர் ஊராக அளந்த நீர்மட்டங்களைக் கொடுப்போம். அளவும் மாடலும் ஒத்துப்போகும் வரை ஒரு மென்பொருள் பாறையின் குணத்தை, அதாவது அது எவ்வளவு தண்ணீரைத் தேக்கும், கடத்தும் என்பதை, மாற்றிக்கொண்டே இருக்கும். எந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று எடை போட்டுச் சொல்வது மட்டும் நம் பொறுப்பு. மென்பொருளுக்கு ரோஷம் கிடையாது. எந்தப் பொய்யைக் கொடுத்தாலும் அதற்கு ஏற்றபடி பூமியை வளைத்துக் கொடுத்துவிடும்.

அளவுகளில் ஒன்று என் அக்கா வீட்டுக்காரர் கொடுத்தது. திண்டிவனத்துக்கு மேற்கே, அவர்கள் நிலத்தில் மோட்டார் இல்லாத பழைய போர்வெல் ஒன்று இருந்தது. மாமா வாரா வாரம் அதில் டேப்பை இறக்கி, தண்ணீர் தட்டும் ஆழத்தை நோட்டில் எழுதி எனக்குப் போட்டோ அனுப்புவார். அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. நம்ம மாமாவாயிற்றே என்று, மற்ற எல்லாக் கிணறுகளையும்விட அதற்குத்தான் அதிக எடை கொடுத்தேன். அப்போதே யாராவது என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

மார்கழியில் அக்கா போன் செய்தாள்.

"நவரைப் பட்டத்துக்கு நெல்லு வெக்கலாமா, மல்லாட்டையே போட்டுடலாமா? நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு இருக்கியே, சொல்லுடி."

மல்லாட்டை என்றால் நிலக்கடலை; நெல் அளவுக்குத் தண்ணீர் கேட்காது. நான் மாடல் ஒத்துப்போன சந்தோஷத்தில் இருந்தேன். "தாராளமா நெல்லு வை. அறுப்பு வரைக்கும் தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு மாடலை நம்பி அப்படிச் சொல்லக் கூடாது. அளவுகளோடு ஒத்துப்போகிற வேறு நூறு மாடல்களையும் ஓட்டி, எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனையில் வரவில்லை என்று பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். இதைப் பற்றி மற்றவர்களுக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். அக்கா அன்றைக்கே விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டாள்.

அந்த நூறையும் ஓட்டி முடித்தபோது பொங்கல் தாண்டிவிட்டது. நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. நூறிலும் தண்ணீர் வந்தது. ஆனால் நூறிலும் அக்கா நிலத்துக்கு அடியில் மட்டும் ஆற்று மணல் இருந்தது! அந்தப் பக்கம் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். கருங்கல்லை மணலாக்கினால்தான் மாமாவின் நோட்டோடு கணக்கு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் அடக்க ஒடுக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

டேப்பை நானே இறக்கினேன். நோட்டில் இருந்த ஆழத்தைத் தாண்டிப் போனது. இன்னும் போனது. மாமா வேப்ப மரத்தில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். இருபது அடி கூடுதலாகப் போன பிறகுதான் டேப்பின் முனை தண்ணீரைத் தொட்டுச் சத்தம் கொடுத்தது.

"மாமா, இன்னா இது?"

"நம்ம பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க கிளியனூர்லேர்ந்து வந்தாங்களே, போர்ல தண்ணி எப்டின்னு கேட்டாங்க. நோட்ட காட்டலாம்னு கொஞ்சம் மேலாக்க எழுதினேன். அப்பறம் ஒரேடியா எறக்கினா நல்லா இருக்காதேன்னு, மெதுமெதுவா எறக்கிக்கினு வந்தேன்."

"எங்கிட்டயாவது உண்மைய சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கம்ப்யூட்டரு அதுவே கண்டுபுடிச்சிக்கும்னு நெனச்சேம்மா. நீயும் தாராளமா வைன்னுட்ட. சரி, கல்லுக்குள்ள நமக்குத் தெரியாத தண்ணி இருக்கும் போலன்னு நானும் நம்பிட்டேன்."

நான் அவரை நம்பினேன், அவர் கணினியை நம்பினார், அது எங்கள் இரண்டு பேரையும் நம்பியது. சண்டை போடத்தான் வந்தேன். பாவி மனுஷன் அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் எப்படிச் சண்டை போடுவது?

அக்கா வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து, உண்மையான அளவைக் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். கருங்கல் கருங்கல்லானது. ஏறக்குறைய பாதி மாடல்களில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது.

"வரும்னு சொல்லு, இல்ல வராதுன்னு சொல்லு. பாதின்னா இன்னாடி அர்த்தம்?" என்றாள் அக்கா.

"தெரியலன்னு அர்த்தம்க்கா."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?"

நான் லேப்டாப்பை மூடினேன். அக்கா எழுந்து நாற்றங்காலுக்குப் போனாள். பச்சைப் பசேல் என்று நின்ற நாற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பால் புடிக்கறப்ப காயறத என்னால பாக்க முடியாது. மாட்ட ஓட்டிக்கினு வாங்க. மல்லாட்டைக்கு இன்னும் பட்டம் தப்பல" என்றாள் மாமாவிடம்.

மாமா போய் ஓட்டிவந்தார். இரண்டு மாடுகளும் நாற்றங்காலில் இறங்கி, அவசரமே இல்லாமல் நாற்றை மேய்ந்தன. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே சொல்ல என்ன கேடு என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்று போனில், "தெரியலக்கா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் மாமாவுக்கு இருந்த அதே வெட்கம்தான். அவராவது மாடு மேய்ந்த அன்று சாயந்திரமே கிளியனூருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். நான் அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.