பதினாறு அணி கேட்டவள்

அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். சனிக்கிழமையும் அவருக்கு ஆபீஸ் இருக்கும். கேட்டி என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்டில் நான், கைக்குழந்தையாக இருந்த என் மகள், சத்தம் குறைத்து வைத்த டிவி. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஊர் காலேஜ் ஃபுட்பாலை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மடியில் குழந்தை தூங்கும். திரையில் ஹெல்மெட் போட்ட பையன்கள் ஓடி ஓடி மோதிக்கொள்வார்கள். நானும் பாதி தூங்கி பாதி விழித்திருப்பேன். ஜன்னல் வெயில் கார்ப்பெட்டில் மெல்ல நகர்ந்து சோபாவைத் தொடும்போது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி, நான்காவது குவார்ட்டர், வந்திருக்கும். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன்; எது கனவில் போட்ட டச்டவுன், எது நிஜத்தில் போட்டது என்று பல நாள் எனக்கே தெரியாது.

அந்தத் தூக்கத்தை முழுதாகக் கலைத்தது ஒரு டிசம்பர். ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணிக்கு இறுதி ஆட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் ஆடுவது என்பதை ஓட்டெடுப்பும் கம்ப்யூட்டர் கணக்கும் முடிவு செய்யுமாம். "இதென்ன அக்கிரமம்!" என்று நான் கத்தியதில் குழந்தை எழுந்து அழுதது. நான் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சீட் வாங்கியவள். அங்கே ரேங்க் லிஸ்ட் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டியிருக்கும். கட்-ஆஃபுக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. அவ்வளவுதான். ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் ஆசைக்கு ஆட்டத்தில் என்ன வேலை?

அன்று சாயங்காலமே ஒரு சார்ட் பேப்பரை விரித்துத் திட்டம் போட்டேன். பதினாறு அணிகள். தோற்றவர் வீட்டுக்கு, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. முதல் சுற்று மட்டும் பெரிய அணியின் சொந்த மைதானத்தில். அதை ஒரு கடிதமாக எழுதி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போடவில்லை. பிறகு வருடாவருடம் கொஞ்சம் திருத்தி, போட்டியை நடத்துகிறவர்களுக்கு ஈமெயிலில் அனுப்பினேன். நன்றி சொல்லி கம்ப்யூட்டர் பதில் போட்டது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பிரியாணித் தட்டோடு யார் மாட்டினாலும் விடமாட்டேன். கிரிக்கெட் பேச வந்த அங்கிள் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம பசங்க யாராவது அதுல ஆடறாங்களா? நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகறே?" என்று கேட்டார்.

"நியாயம்னு ஒண்ணு இருக்கே, அங்கிள்."

"இந்த அக்கறைல பாதிய கிரீன் கார்டு ஃபார்ம் ஃபில் பண்றதுல காட்டினா தேவலை," என்றார் என் கணவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வருடங்கள் போயின. எனக்கு வேலையும் வந்தது, தலையில் நரையும் வந்தது. மடியில் தூங்கிய பெண் காலேஜுக்குப் போய், ஃபுட்பால் ஆட்டங்களில் வாசிக்கும் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவள் ஆனாள். நான்கு அணி ஆடும் முறை வந்து, அது பன்னிரண்டானது. நான் கேட்டது பதினாறு, கிடைத்தது பன்னிரண்டு. ஏதோ என் கையெழுத்தில்தான் சட்டம் நிறைவேறிய மாதிரி அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன்.

அதற்கடுத்த வருடம், டிசம்பர் தொடக்கத்தில் மகள் போன் செய்தாள். "அம்மா, வீ காட் இன்! பன்னெண்டுல எங்க காலேஜும்! ஃபர்ஸ்ட் ரவுண்ட் எங்க ஸ்டேடியம்லயே!"

நான் ஆபீஸ் பார்க்கிங்கில் நின்று குதித்தேன். மூச்சு வாங்கியபின், "அப்போ வீட்டுக்கு எப்போடி வர்றே?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா பிராக்டிஸ் இருக்கும்மா. நெக்ஸ்ட் கேம் நியூ இயர்ல, வேற ஸ்டேட்ல. பேண்டும் போகணும். அங்கேருந்து நேரா சியாட்டில்." பிறகு சிரித்துக்கொண்டே, "யூ வான்டட் திஸ், அம்மா," என்றாள்.

சியாட்டிலில் ஜனவரியிலிருந்து ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அதன் பிறகு கடைசி வருடம், வேலை, எந்த ஊரோ. அந்த டிசம்பரின் இரண்டு வாரத்தைத்தான் நான் நம்பியிருந்தேன். அவள் அறைக்குப் புது பெட்ஷீட் போட்டு, ஃப்ரீசரில் மீன்கூட வாங்கி வைத்தாயிற்று.

ஆட்டத்துக்கு நான் தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு போனேன். பேண்டுக்குப் பக்கத்தில், குடும்பத்தாருக்கான முதல் வரிசையில் இடம் கிடைத்தது. குளிர்கால வெயில் பால் கலந்தது மாதிரி வெளுத்திருந்தது. ஸ்டேடியம் முழுக்க ஒரே நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது. வாசிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஆனாலும் என் பெண்ணின் தோளை எனக்குத் தெரியும். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் எனக்கு மட்டும் யாரோ சத்தத்தைக் குறைத்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருடம் இதற்குத்தானே கத்தினேன், இதோ நடக்கிறது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனம் ஒட்டவில்லை.

கடைசி இரண்டு நிமிடம். எங்கள் அணி ஒரு டச்டவுன் பின்தங்கியிருந்தது, ஆனால் பந்து எங்கள் பையன்கள் கையில்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். "பிள்ளையாரப்பா, இவங்க தோத்துடட்டும்."

வேண்டிய மறுநொடியே உடம்பு கூசியது. ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவளின் ஆசை அது. திருப்பி வாங்கிக்கொள்ள நினைப்பதற்குள் சுற்றிலும் அமைதியாகிவிட்டது. எங்கோ ஒரு மூலையில் மட்டும் எதிரணி ரசிகர்களின் கூச்சல்.

மாலை வெளிச்சத்தில் வண்டி ஹைவேயில் போய்க்கொண்டிருந்தது. இருபக்கமும் காய்ந்த புல்வெளி, அதில் அசையாத மாடுகள். மகள் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் கேட்டபடியே அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இட்ஸ் ஃபேர், அம்மா," என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "விளையாடித்தானே தோத்தோம். நீ எப்பவும் சொல்வியே."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நான் தோக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி," என்றேன். "நீ வீட்டுக்கு வரணும்னு."

"தெரியும். எல்லாரும் நிக்கறப்போ நீ மட்டும் கண்ண மூடிட்டு உக்காந்திருந்த. உன்னைப் பாத்துட்டேதான் வாசிச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பெட்ரோல் பங்க் கடந்தது, ஒரு சர்ச் கடந்தது.

"எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் இருந்துச்சும்மா," என்றாள். "பட் நான் அப்படி வேண்டிக்கல."

கேட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.