அம்மன் ஊட்டிய கருவாட்டுச் சோறு

தாய்மார்களே, போன வருடம் சித்திரை மாதம் என் உடம்பைப் பார்த்து எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மாதவிலக்கு வந்தால் கட்டி கட்டியாகப் போகும். இடுப்பைப் போட்டுப் பிழியும் வலி. தறியில் உட்கார முடியாமல் வெறுந்தரையில் சுருண்டு கிடப்பேன். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்கள் வீடு. வெயில் பட்டால் பட்டு நூல் வெளுத்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். அந்த இருட்டில் என் ரத்த வாடையிலேயே நான் கிடப்பேன். சீ என்று இருக்கும்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்கிறதாம். சினைப்பையில் பழைய ரத்தம் கட்டியாகத் தேங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"உடம்புல ரத்தமே இல்லையேமா. பி12, வைட்டமின் டி எல்லாமே அடிமட்டத்துல இருக்குது. வெயில்லயே வர மாட்டியா? நல்லா சாப்பிடு, மாத்திரை போடு. அளவு ஏறினாத்தான் ஆபரேஷன்."

வீட்டில் என் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். கணவரின் அக்கா, அம்மன் அருள் வந்து ஆடுகிறவள். "ஆபரேஷன் நல்லபடியா நடக்கணும்னா விரதம் இரு. கவிச்சி தொடாத. ஒரு வேள உப்பில்லாத சோறு துன்னுக்கினு கெட" என்றாள். விரதத்தில் இங்கிலீஷ் மருந்து கூடாது என்று மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டாள்.

நானும் நம்பினேன். அந்தச் சோறு வழவழவென்று தொண்டையில் நிற்கும். வாந்தி எடுப்பேன். வாயோரம் புண். முடி கொத்துக் கொத்தாக வந்தது. மறுபடி பரிசோதித்தபோது அளவு முன்பைவிட இறங்கியிருந்தது. ஆபரேஷன் நடக்க விரதம் இருந்தேன், விரதத்தாலேயே ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டரம்மா திட்டினார்கள். நீ விரதத்தில் ஏதோ குறை வைத்திருக்கிறாய் என்று நாத்தனாரும் திட்டினாள். எல்லோர் மேலும் வெறுப்பு வந்தது. அம்மன் மேலும்தான்.

ஆடியில் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மனுக்குக் கும்பம் படைக்கச் சோற்றை மலையாகக் குவித்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். அந்த நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். 'நீ மட்டும் வயிறு முட்டத் தின்னு. என்னை ஏன் சாகடிக்கிறே?' என்று மனதுக்குள் கேட்டேன். அதுதான் என் பிரார்த்தனை. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

பம்பை மேளம் அடித்ததும் நாத்தனாருக்கு அருள் வந்துவிட்டது. தலைவிரி கோலமாக நேரே என்னிடம் வந்தாள்.

"என் பேரைச் சொல்லி என் பொண்ண யார்ரா பட்டினி போட்டது?"

கும்பத்திலிருந்து ஒரு பிடி அள்ளி என் வாயில் திணித்தாள். அவள் வியர்வையும் மஞ்சளும் கருவாடும் சேர்ந்து நாறியது. துப்பப் பார்த்தேன். வாயைப் பொத்தினாள். விழுங்கினேன். வாந்தி வரவில்லை. அடுத்த பிடிக்கு நானே வாயைத் திறந்தேன். அழுதுகொண்டே தின்றேன்.

அருள் இறங்கியதும் என்னைப் பார்த்தாள். "விரதத்துல யார்டி உன்ன கருவாடு துன்னச் சொன்னது?"

"நீங்கதான் அண்ணி" என்றேன். தெருவே பார்த்திருந்தது. தன் வாயால் வந்த அம்மன் வாக்கை மறுக்க அவளுக்கே பயம். எடுத்து வைத்த மாத்திரையை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து கீரை, முட்டை, மீன், ஈரல். ஈரல் எனக்கு இன்றைக்கும் அருவருப்புதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். மாத்திரையும் ஊசியும் விடவில்லை. தினமும் மாடியில் வெயிலில் நின்றேன். தை மாதம் அளவு தேறியது, ஆபரேஷனும் நடந்தது. நோய் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்ப வரலாம் என்கிறார்கள். ஆனால் இப்போது மாதம் முழுவதும் தறியில் உட்காருகிறேன். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

வயிற்று வலியோடு வருகிற பெண்களே, அம்மனை நம்பி வாருங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவளிடம் சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும்.