பாத்தேக் துணியில் ஒரு போ டை

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடு. அன்று மூன்றாவது முறையாக என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். முதல் இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

“குனிஞ்ச தலை நிமிரக் கூடாது,” என்று சொல்லி, மைலோ பானக் கோப்பைகள் வைத்த தட்டை அம்மா என் கையில் கொடுத்தார்.

நான் நிமிர்ந்துவிட்டேன். மலாக்கா ஆபீசில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் கழுத்தில், பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட ஒரு போ டை. ஓட்டல்காரர்கள் கட்டும் கறுப்பு இல்லை. மலாய்க்காரர்கள் சட்டை தைக்கும், மஞ்சள் பூப்போட்ட பாத்தேக் துணி. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டேன். தட்டு ஆடி, மைலோ அவருடைய அம்மாவின் சேலையில் கொட்டியது.

அந்த அம்மா எழுந்துவிட்டார். “என் பிள்ளையப் பார்த்தா கேலியா இருக்கா? வாடா, போகலாம்.”

“சின்னப் பொண்ணுலா, மன்னிச்சிருங்க,” என்று அப்பா கைகூப்பினார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை.

“உட்காருங்கம்மா. சிரிக்கட்டும்னுதான் நானே தச்சுக் கட்டிட்டு வந்தேன். இதுக்கு முன்னாடி போன வீட்லலாம் பொண்ணு தலையவே தூக்கலலா.”

சேலையைத் துடைத்தபடியே அந்த அம்மா உட்கார்ந்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னை வேண்டாம் என்றவர்களை நினைத்து எத்தனை நாள் அழுதிருக்கிறேன். தலையைக் குனிந்தே நின்றதால் அந்த இருவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.